ஓட்டுறவருக்கு வராத வாந்தி

தமிழ்மதி: எந்திரிங்க மச்சான். மறுபடி கண்ண மூடுனா எப்புடி?

ஞானவேல்: விடு தமிழு. நேத்து காரு மரத்துல முட்டுனதுல ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. பொண்டாட்டி செத்த நேரம் தூங்க விடுவாளா...

தமிழ்மதி: நேத்துப் பொழுதெறங்கப் படுத்த ஆளு. இப்ப உச்சி வந்துருச்சு. நடுவுல எழுப்பி உக்கார வச்சு கஞ்சி குடுத்தேன், ஞாபகம் இருக்கா?

ஞானவேல்: இருக்கு, இருக்கு. நல்ல கஞ்சி.

தமிழ்மதி: குடுத்தது காப்பி.

ஞானவேல்: ...ஏதோ ஒண்ணு. என்ன, பரீட்சை வைக்கிறியா?

தமிழ்மதி: நெத்தி வீக்கம் அப்புடியே கெடக்கு.

ஞானவேல்: அதான் மஞ்சப்பத்துப் போட்டல்ல, வத்திரும். சொட்டு ரத்தம் வரல. கதவச் சாத்து, வெளிச்சம் கண்ணக் குத்துது.

தமிழ்மதி: கூக்கால் ஊரே மேக மூடாப்பாக் கெடக்கு. வெளிச்சம் எங்க இருக்கு?

ஞானவேல்: ஏ... சாத்துன்னா சாத்து.

தமிழ்மதி: வந்ததுல இருந்து வாந்தி. விடிஞ்சும் ஒரு தரம்.

ஞானவேல்: வடுகபட்டிச் சந்தையில பூண்டப் போட்டுட்டு மலையேறி வந்திருக்கேன். அத்தனை வளைவு! நம்மூருல யாரு வாந்தி எடுக்கல? அத்தை டவுனுக்குப் போனாலே கையில பையோட...

தமிழ்மதி: எங்கம்மாவ இழுக்காதீங்க! நானும் நேத்து அப்புடித்தேன் நெனச்சேன். எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கக் குடுத்தேன். வாசமே இல்லன்னீங்க. நான் பழத்தத் திட்டுனேன்.

ஞானவேல்: திட்டு. கடைக்காரனையும் சேத்துத் திட்டு.

தமிழ்மதி: வெளையாடாதீங்க. வெள்ளனே எந்திரிச்சுத்தேன் எனக்கு ஒறச்சுச்சு. வளைவுல வாந்தி வர்றது ஒக்காந்து வர்றவுகளுக்கு. ஓட்டுறவருக்கு வருமா? கலியாணம் ஆனதுல இருந்து ஒருநா உங்களுக்கு வந்திருக்கா? காரை யாரு ஓட்டுனது?

ஞானவேல்: நாந்தேன். காட்டுமாடு குறுக்க வந்துச்சு, ஒடிச்சேன், மரத்துல முட்டுச்சு. எத்தனை தரம் சொல்ல?

தமிழ்மதி: எத்தனை தரம் சொன்னாலும் ஒரு வார்த்தை மாறல. மாடு மேல இருந்து வந்துச்சா, பள்ளத்துல இருந்தா?

ஞானவேல்: அது... வந்துச்சு. சும்மா நொய்யி நொய்யின்னாத.

தமிழ்மதி: சரி, கேக்கல. வீட்டுக்குள்ள என்ன வாசம் வருதுன்னு மட்டும் சொல்லுங்க, விட்டுர்றேன்.

ஞானவேல்: என்ன... கொழம்பா?

தமிழ்மதி: அடுப்புல ஒரு சட்டி பூண்ட வேணும்னே கருக விட்டிருக்கேன் மச்சான். அடுத்த வீட்டு வீரம்மா அக்கா அங்கருந்து சத்தம் போடுறாங்க. பக்கத்து ரூம்புல படுத்திருக்கிற உங்களுக்கு...

ஞானவேல்: பூண்டா?

தமிழ்மதி: பொறந்ததுல இருந்து பூண்டுக்குள்ளயே கெடந்த மனுசன்! நர்சம்மா போன்ல சொன்னாங்க, தலைக்குள்ள அடிபட்டா மோப்பமே போயிருமாம். தூக்கமும் வாந்தியும் அதனாலதேனாம். வெரசா ஸ்கேன் எடுக்கணுமாம். கெளம்புங்க.

ஞானவேல்: ஆஸ்பத்திரி மட்டும் வேணாம். எங்க ஆச்சு, எப்புடி ஆச்சுன்னு தோண்டித் தோண்டிக் கேப்பாங்க.

தமிழ்மதி: கேக்கட்டும். எதுக்குப் பயப்படுறீங்கன்னு எனக்குத் தெரியும். அதத் தெரியாத மாதிரி இவ்வளவு நேரம் கேட்டேன்.

ஞானவேல்: என்ன தெரியும்?

தமிழ்மதி: என் தம்பி அஜித்து விடியக்காலம் வந்து என் கால்ல விழுந்து அழுதான். லைசென்ஸ் இல்லாம அவந்தேன் ஓட்டுனானாம். போலீஸ் வேலைக்கு எடுத்திருக்காங்களே, கேசு ஆனாப் போயிரும்னு, மச்சான்தேன் ஓட்டுனாருன்னு ஊருக்குச் சொல்லிட்டானாம். நீங்களும் மச்சினனுக்காக வாய மூடிக்கிட்டீங்க. வேணாம் மச்சான். அவனுக்கு வேலை போனாப் போகட்டும். எனக்கு நீங்க வேணும். அவனே வாடகை ஜீப்போட வாசல்ல நிக்கிறான்.

ஞானவேல்: கோவிச்சுக்காத தமிழு... எனக்குச் சந்தைக்குப் போனதே ஞாபகம் இல்ல. நீ பயந்துருவேன்னு, ஊருல பேசிக்கிட்டத அப்புடியே ஒப்பிச்சேன். அஜித்து... அவன் எங்கூட வந்தானா?