பேனல் கதவில் அழிந்த பாஸ்வேர்டு

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்ததால் கச்சிராயபாளையம் டவுன் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. என் முன் சீட்டில் துணை மின்நிலைய ஊழியர்கள் இருவர். ஒரு பெண், அவரைவிட இளைய ஓர் ஆண்.

“ஆயுத பூசைக்கு நான் பண்ண தப்புதான் என் வேலைய காப்பாத்திச்சு” என்றார் அந்தப் பெண்.

“இன்னாக்கா சொல்றீங்க?”

“போன மறியல்ல தலைவரு மைக்குல பேசிக்கினு இருக்கும்போது கரண்டு போச்சில்ல? நான்தான் வேணும்னே நிறுத்தினேன்னு மேல இருக்கறவரு மெமோ குடுத்தாரு. லைன்ல கோளாறுன்னா பேனல்ல இருக்கற ரிலே மிஷினு கரண்ட தானா நிறுத்தும், நேரத்தோட பதிஞ்சும் வெச்சிக்கும். அத பாருங்கன்னேன்.”

“அதுக்கு பாஸ்வேர்டு வேணுமே. பேனல் கதவுல எழுதியிருந்தத நீங்கதான பூசைக்கு ஈரத்துணி போட்டு தொடச்சிட்டீங்க?”

“பாக்கறதுக்கு வேணாம் தம்பி. காலைல கள்ளக்குறிச்சி இன்ஜினியரம்மா வந்து பட்டன அமுக்கி பாத்தாங்க. லைன் கோளாறுல தானா நின்னதுன்னு நிமிஷத்தோட இருந்துச்சு. மெமோ ரத்துன்னுட்டாங்க.”

“அப்ப பாஸ்வேர்டு எதுக்கு?”

“பதிஞ்சத அழிக்க.”

பஸ் மெல்ல நகர்ந்தது.

“மெமோ குடுத்தவரு மூணு நாளா எல்லாருக்கும் போன் போட்டு அந்த பாஸ்வேர்டத்தான் கேட்டுக்கினு இருந்தாரு.”