கண்ட்ரோல் குரூப்புக்குக் காப்பி

“என் கண்ட்ரோல் குரூப் காப்பி குடிச்சிருச்சுடி” என்றாள் முன் சீட்டுப் பெண். பொம்மிடியிலிருந்து தருமபுரி போகும் பஸ். சைக்காலஜி படிக்கும் இரண்டு பெண்கள்.

தோழி திடுக்கிட்டாள். “காப்பி குடிச்சா ஞாபகசக்தி கூடுதான்னுதானே உன் ப்ராஜெக்ட்டே? அவங்களுக்கு வெறும் தண்ணிதானே?”

“தண்ணிதான் வெச்சேன். டெஸ்ட்டுக்கு முன்னாடி எங்கம்மா உள்ள கூப்பிட்டுக் காப்பி ஊத்திக் குடுத்திருக்காங்க. வூட்டுக்கு வந்தவங்களுக்கு வெறும் தண்ணியா குடுப்பாங்கன்னு என்னையே திட்டறாங்க.”

“ரெண்டு குரூப்பும் ஒரே மார்க்குதானே? காப்பியால பிரயோஜனம் இல்லைன்னு எழுதிடு. நாளைக்கு சப்மிஷன். யாருக்குத் தெரியப்போவுது?”

எழுதாத தவறு நடக்காத தவறு என்பது நான் ஓய்வுபெற்ற அலுவலகத்தின் நடைமுறை. தோழி அங்கே நன்றாக முன்னேறியிருப்பாள்.

இவள் போனை எடுத்தாள். “மேடம், என் ரிசல்ட் செல்லாதுங்க. எங்கம்மா எல்லாருக்கும் காப்பி குடுத்துட்டாங்க. மறுபடியும் பண்றேனுங்க. அடுத்த செமஸ்டர் ஆனாலும் பரவால்லீங்க.”

மனதுக்குள் அவளுக்கு அப்போதே பட்டம் கொடுத்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தத் தடவை டெஸ்ட்டைக் காலேஜ்லயே வெச்சுக்கச் சொல்லிட்டாங்க மேடம்.”

“வெச்சுக்கோ. உங்கம்மா பிளாஸ்க்கோட பஸ் ஏறி வந்துருவாங்க பாரு.”