மில்த்தனின் இடது கண்

செயற்கைக் கண்ணை அடிக்கடி கழற்றக் கூடாது, டாக்டர். என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். கழற்றினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துடைத்தால் மூக்குப் பக்கமாகத் துடையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை என்னிடம் பாலிஷுக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் பைசாந்து ஊரில் பத்தொன்பது வருஷமாகச் செயற்கைக் கண் செய்து கொடுக்கிறேன். உங்கள் மேஜைமேல் இருப்பதுதான் என்மீது வந்த முதல் புகார்.

மில்த்தன் பெந்தன்கோரின் இடது கண் அவருடைய மச்சான் கல்யாணத்தில் போயிற்று. சைடர் என்கிற ஆப்பிள் மது பாட்டிலின் தக்கை தெறித்து நேராகக் கண்ணில் பட்டது. "கூட்டத்துல இருநூறு பேர் இருந்தாங்க சுல்மா. தக்கைக்கு என்னைத்தான் பிடிச்சிருந்துது," என்று என் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

புதுக் கண்ணுக்கு நிறம் தீட்ட வேண்டுமானால் இருக்கிற கண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். மூன்று நாள் பார்த்தேன். பழுப்பு நிறம், ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு.

"இப்படி என்னை யாரும் பாத்ததில்ல. என் பொண்டாட்டி பாக்கறது மின்சார மீட்டர் பாக்கற மாதிரி இருக்கும்," என்றார்.

கண்ணைப் பொருத்திவிட்டு, அடுத்த வருஷம் வாருங்கள் என்றேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்று தோன்றியது.

அடுத்த பாலிஷின்போது அது தவறுதலாக நடந்துவிட்டது என்று நான் சொல்லலாம். நீங்கள் உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன். முன்பக்கத்தைக் கண்ணாடிபோல மினுக்கினேன். பின்விளிம்பில் மட்டும் சின்ன அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. தலைமுடி அளவுக்குக்கூட இராது. இரண்டு மாதத்தில் கண்குழி சிவந்து, பீளை கட்டி, அவர் வாசலில் வந்து நின்றார்.

"என்னன்னே தெரியல, உள்ள மணல் போட்ட மாதிரி உறுத்துது."

மருந்து போட்டேன். மெதுவாகக் கழுவினேன். என்னைப்போல யாராலும் கழுவ முடியாது, அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் காரணம் கேட்டாரே, ஏதாவது சொல்ல வேண்டுமல்லவா? ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடுகிற புகை என்றேன். பைசாந்துக்காரன் ஒருவனிடம் அடுப்பருகே போகாதே என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. மனிதர் போகவில்லை. மச்சான்கள் கொல்லையில் விலா எலும்பு சுட, இவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே மாத்தே இலைத் தேநீர் குடித்தாராம்.

அடுத்த இழுப்புக்கு உருட்டுப்பந்து மைதானத்துப் புழுதியைச் சொன்னேன். கிளப்பை விட்டார். அவர் மனைவி நீபியா வீட்டிலேயே நகத்துக்குச் சாயம் பூசிக்கொடுக்கிறவள், அந்தச் சாயத்தின் நெடி கண்குழிக்கு ஆகாது என்பதையும் ஒருநாள் சொன்னேன். பொய்யென்று சொல்ல முடியாது, நெடி யாருக்குத்தான் நல்லது? அவர் தனி அறைக்குக் குடிபோனார். புழுதியில்லாத, காற்றோட்டமான அறை. நான்தான் பார்த்துக் கொடுத்தேன். என் பட்டறைக்கு எதிர்மாடி.

அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்தார். சிரிக்கவைக்கிற மனிதர், டாக்டர். ஏழாவது வருஷம், பருப்புக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண் நழுவித் தட்டில் விழுந்துவிட்டது. "தட்டைப் பாத்துச் சாப்பிடுன்னு அம்மா சொல்லுவாங்க. இன்னிக்குத்தான் கேட்டேன்," என்றார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். குழியைப் பார்த்தேன். புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, கீழ்மடிப்பு சுருங்கிப்போயிருந்தது. இனி அதில் எந்தக் கண்ணும் நிற்காது. வாய்க்குள்ளிருந்து தோலை எடுத்துக் குழியில் ஒட்டினாலும் உறுதி சொல்ல முடியாது என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. நான் மறுக்கவில்லை.

குழியை மறைக்கத் துணியில் பட்டி தைத்துக் கட்டிவிட்டேன்.

அவருடைய துணிகளைத் துவைக்க எடுத்துப்போன நீபியா சட்டைப்பையில் அந்தக் கண்ணைக் கண்டிருக்கிறாள். நேராகப் பட்டறைக்கு வந்தாள். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"ஏய், இது அரம் பட்ட இடம். தெனம் இருபது நகம் ராவறவ நான். எங்கிட்டயே கதை விடாத."

"தேய்மானமாக இருக்கும்," என்றேன்.

"தேய்ஞ்சா வழவழன்னு ஆகும்டி. இது வேணும்னே இழுத்தது. அந்த மனுசன் அடுப்பை விட்டாரு, ஆட்டத்தை விட்டாரு, என்னையும் விட்டாரு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவள் சொன்னதிலும் உங்களுக்குப் புகாராக எழுதியதிலும் பிழையில்லை. ஏழு வருஷத்தில் முப்பத்தொரு தடவை அரத்தால் இழுத்தேன். ஒவ்வொன்றும் தெரிந்தே செய்தது. கையெழுத்துப் போடத் தயார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மில்த்தன் அவளை நம்பவில்லை. "சுல்மா இல்லேன்னா என் குழி எப்பவோ அழுகியிருக்கும்," என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். விசாரணை முடிவைச் சொல்லும் உங்கள் கடிதம் அவருக்குப் போனால் நம்புவார். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அல்லது மெதுவாகச் சொல்லுங்கள். அழுதால் கண்ணீரின் உப்பு அந்தக் குழிக்கு ஆகாது. அதன் ஆரோக்கியத்தில் என்னைவிட அக்கறை உள்ளவர்கள் யாரும் இல்லை.