மிலோவுக்கு இருபத்திரெண்டு டிகிரி

ஐயையோ, பாப்பாவக் கூண்டுக்குள்ள விரல விட விடாதீங்கம்மா. என் கையப் பாருங்க. இது போன வாரம் கடிச்சது. இது அதுக்கு மொத வாரம்.

தமிழ்லயே பேசுங்க, மேடம் ஹால்ல போன்ல இருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. நானா? சிவகொழுந்து, நாகப்பட்டணம் பக்கம். நீங்க ஷார்ஜா ரோலாலேர்ந்தா வர்றீங்க? இந்த ஆகஸ்ட்டு வெயில்ல, ரெண்டு பஸ்ஸு மாறி, சின்னப் புள்ளையையும் இழுத்துக்கிட்டு அல் ஐன் வரைக்கும்? இதுக்காகவா?

ஃபெரட்டுன்னா ஏதோ பூனைக்குட்டி மாதிரின்னு நெனச்சிருப்பீங்க. கீரி மாதிரிம்மா இந்த மிலோ. நாள்ல முக்காவாசி தூங்கும். முழிச்சா சாக்ஸு, சாவி, கெடச்சதெல்லாம் கவ்விட்டுப் போயி சோஃபாவுக்கு அடியில பதுக்கும். காணோம்னா யாரக் கேப்பாங்க? என்னத்தான். நாத்தம் வேற. அடிக்கடி குளிப்பாட்டுனா இன்னும் நாறும். விருந்தாளியெல்லாம் மூக்கப் பொத்துறாங்கன்னுதான் என் ரூமுக்குத் தள்ளிவிட்டாங்க. ஆமா, இதான் என் ரூமு. மெத்தைக்கும் கூண்டுக்கும் நடுவுல கால வைக்க எடம் இருக்கா பாருங்க.

மேடம் மகன் ரிஷான் பாபா ஆசப்பட்டு வாங்குனது. அவரு கனடாவுக்குப் படிக்கப் போயிட்டாரு. சும்மா குடுத்தாவது தள்ளிவிடணும்னு மேடம் போன்ல போட்டோ போட்டாங்க. ரெண்டு மாசத்துல நீங்க நாலாவது ஆளு. மூணு பேரும் வேணாம்னு ஓடிட்டாங்க. கடைசியா வந்தது நஸீஹான்னு ஒரு பொண்ணு. அது மகளுக்குக் கட்டவிரல்ல மூணு தையலு. கத்துன கத்து ரோடு வரைக்கும் கேட்டுச்சு. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சேன்.

இவ்ளோ சொல்லியும் எடுத்துக்கிறேங்குறீங்களே. பாப்பா அழுவுறாளா? அழுவட்டும். வெளையாட ஆள் வேணும்னா ஒரு தம்பியப் பெத்துக் குடுங்க. ஓ, இனிமே ஆகாதா? அப்ப ஒரு கிளி வாங்கிக் குடுங்க.

ஏசி கரண்டு பில்லு தாங்குவீங்களா? இருபத்திரெண்டுலயே இருக்கணும், ராப்பகலா. இதுக்கு வேர்க்காதும்மா, சூடு ஏறுனா சுருண்டு செத்துரும். உங்க வீட்டுலயும் எப்பவும் ஓடுதா. சரிதான்.

இந்த ரூமு ஏசியா? இதுக்குத்தான். எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. ரிமோட்டு மேடம் கைல இருக்கும். ஜூன்ல இதுக்கு வயித்துல ஆப்பரேஷன், நாலு நாள் டாக்டர்கிட்ட இருந்துச்சு. இது வாசலத் தாண்டுன ஒடனே மேடம் வந்து ஏசிய ஆஃப் பண்ணிட்டாங்க. ஜன்னல் இல்ல, பாத்தீங்கல்ல? மொத நாள் தரையில தண்ணிய ஊத்திப் படுத்தேன். மூணாம் நாள் கிச்சன் டைல்ஸ்ல போயி விழுந்தேன். கேமராவுல பாத்துட்டு வந்து காலால நெண்டி எழுப்புனாங்க. அஞ்சாம் நாள் மிலோ வந்துச்சு, ஏசியும் வந்துச்சு. அந்த நாத்தம் புடிச்ச வாயிலயே முத்தங் குடுத்தேன். எம் புள்ளைங்களுக்குக்கூட அப்புடிக் குடுத்ததில்ல.

அடுத்த வாரமே மொத ஆளு பாக்க வந்துட்டாங்க.

இது கடிக்கிற சாதியே இல்லம்மா. பச்சப்புள்ள மாதிரி. தூக்கிப் புடிச்சிருக்கும்போது வாலுக்கு அடியில சதைய நகத்தால நறுக்குன்னு கிள்ளுவேன். முன்னால எந்த விரலு இருக்கோ அதக் கவ்விரும். சமயத்துல திரும்பி என் கையவே புடிச்சிக்கும், என்ன பண்றது.

மேடம் போன வச்சிட்டாங்க. சட்டுன்னு சொல்லுங்க, மிலோவத் தூக்கி பாப்பாகிட்டக் குடுக்கவா, இல்ல வெயிலு தணிஞ்சதும் அக்டோபர் மாசம் வந்து எடுத்துக்கிறீங்களா?