மாலாகி மேல் கிடந்த பாய்

கோகோவை நிதானமாகக் குடி, மகளே. எங்கள் பக்கம் வடிகட்ட மாட்டோம். அடியில் மண்டி நிற்கும், கடைசி மடக்கை விட்டுவிடு. தலைநகர் ஆப்பியாவிலிருந்து படகில் வந்த களைப்பு உன் முகத்தில் அப்படியே இருக்கிறது.

மாலாகியின் கம்பெனியைக் கலைத்து முடிக்க நீதிமன்றம் அனுப்பிய ஆள் நீ. முதல் நோட்டீஸ் இந்த வீட்டுக்கு என்றைக்கு வந்தது என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். ஈஸ்டருக்கு முந்தின வாரம், புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். நான் வீட்டில்தான் இருந்தேன்.

மாலாகி அடுத்த ஊர்க்காரன். எங்கள் குடும்ப நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தேங்காய்ப்பால் தொழிற்சாலை நடத்தினான். தொழிற்சாலைக்குப் போகும் பாதைக்குப் பெயரும் கிடையாது, எண்ணும் கிடையாது. அதனால் கம்பெனியின் பதிவு முகவரியாக என் வீட்டைக் கொடுத்திருந்தான். வீட்டோடு ஒட்டிய என் கடையில்தான் பஸ்காரன் ஊர்த் தபாலைப் போடுவான்.

நோட்டீஸ் கொண்டுவந்த பையன் வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

“சீமைப்பலா மரம் தாண்டி, நாய் இல்லாத வீடுன்னு சொன்னாங்க அத்தை. நாய் இருக்கே?”

“அது நாய் இல்லடா, சோம்பேறி. கடிக்கக்கூட எந்திரிக்காது. கையெழுத்து எங்க போடணும்?”

“கையெழுத்தெல்லாம் வேணாம். முகவரியில வச்சாலே கம்பெனி கையில குடுத்த மாதிரிதான்.”

வாசல் தூணில் செருகிவிட்டுப் போய்விட்டான். நான் எடுத்து இரண்டு முறை படித்தேன். என் ஆங்கிலம் ரேடியோவில் கற்றது. அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆப்பியாவில் ஒரு வியாபாரி, தான் விற்ற இயந்திரத்துக்குப் பணம் வரவில்லை என்கிறான். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால், கடனைத் தீர்க்க வக்கற்ற கம்பெனி என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த இயந்திரம் பழுது என்று மாலாகி திருப்பி அனுப்பியது ஊருக்கே தெரியும். திரும்பப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டும் அவனிடம் இருந்தது. அந்தச் சீட்டோடு ஒரு கடிதம் போதும்.

கொடுக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை, மகளே. நாளைக்குக் கொடுக்கலாம் என்று படுக்கைக்கு அடியில், பாய்களுக்கு நடுவே வைத்தேன். பிறகுதான் குத்தகைப் பத்திரம் நினைவுக்கு வந்தது. கம்பெனி கலைந்தால் குத்தகை முடிந்தது. நிலம் எங்களுக்குத் திரும்பும். என் மகன் செஃபோ பத்தொன்பது வருடமாக ஆக்லாந்தில் இறைச்சிக் கூடத்தில் நிற்கிறான். கடலைப் பார்த்து வீடு கட்ட இடம் இருந்தால் அவன் வருவான் என்று எனக்குத் தோன்றியது. பெற்றவளுக்கு அப்படித் தோன்றுவது தப்பில்லையே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாலாகி கடைக்கு வந்தான்.

“அக்கா, எனக்குக் கடுதாசி ஏதும் வந்துச்சா?”

“இந்த வயித்த வச்சுக்கிட்டு உனக்கு யாருடா கடுதாசி போடப்போறா?”

“இது உங்க கடை உப்புக்கறி வளர்த்த வயிறு அக்கா. நீங்கதான் பொறுப்பு.” வயிற்றில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

நானும் சிரித்தேன். படுக்கை நான்கு எட்டு தூரத்தில் இருந்தது.

கெடு தாண்டியது. நீதிமன்ற உத்தரவை என் வீட்டுத் தூணில் ஒட்டினார்கள். தொழிற்சாலையைப் பூட்டினார்கள். நாற்பது பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். குவித்துவைத்த தேங்காய்கள் அங்கேயே முளைவிட்டன. முதல் நோட்டீஸைக் காற்று கொண்டுபோயிருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது.

நிலம் திரும்பிவிட்டது என்று செஃபோவுக்கு போன் செய்தேன். “அங்க வந்து நான் என்னம்மா பண்றது, தேங்கா உரிக்கிறதா?” என்றான். சத்தம் போட்டுச் சிரித்தான்.

அதற்கு அடுத்த வாரம் மாலாகி மன்னிப்புக் கேட்டு வந்தான். நீதிமன்றக் காகிதம் என் தூணில் ஏறியது நான் சுமக்கிற குடும்பத் தலைமைப் பட்டத்துக்கு அவமானம், அது தன்னால் வந்தது என்று அவன் எண்ணினான். விடியற்காலையில் என் வாசலில் மெல்லிய இழையில் பின்னிய சடங்குப் பாயைத் தலையோடு போர்த்திக் குனிந்து உட்கார்ந்தான். பின்னால் அவன் மனைவி லோசா, பிள்ளைகள். வழக்கம் உனக்குத் தெரியாததா? வீட்டார் வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தாயிற்று; அதுவரை வந்தவர்கள் எழக்கூடாது, பேசக்கூடாது. தூக்க வேண்டியவள், பட்டம் சுமக்கிற நான்.

என் தம்பி துவாலா உள்ளே தவித்தான். “போய்த் தூக்குக்கா. வெயில் ஏறுது.”

“அவமானம் யாருக்குடா? எவ்வளவு நேரம்னு நான் சொல்றேன்.”

பாயைத் தூக்கினால் அவன் உள்ளே வருவான், எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். அவன் மகள் லாங்கி நீதிமன்றத்தில் எழுத்தர். இன்றைக்கு நீ கேட்ட கேள்வியை அவள் அன்றைக்கே கேட்பாள். முகத்துக்கு நேராகப் பார்த்துக் கேட்கிற பெண். எனக்குப் பதில் யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

வெயில் முற்றத்தை முழுவதும் பிடித்தது. லோசா தலையைத் தூக்காமல், “அக்கா, அவருக்கு நெஞ்சுவலி மாத்திரை வேளை” என்றாள். அவள் பேசியிருக்கக்கூடாது. நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன். பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துவாலா எழுந்தான், பொறு என்றேன். காற்று என்று ஊர் சொன்னதையே நானும் சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்திருந்தேன். பிறகு வெளியே போய் இரண்டு கையாலும் தூக்கினேன்.

உடம்பு சூடாக இருந்தது. மயக்கம் என்றுதான் நினைத்தேன். அது வெயிலின் சூடு, உயிர் போய் வெகு நேரமாகிறது என்று நர்ஸ் சொன்னாள்.

அடக்கத்தன்று லோசா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். “நீங்க தூக்குனீங்களே அக்கா, அது போதும்.” அன்றிலிருந்து அந்தக் கையால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எழுதிக்கொள், மகளே. காகிதத்தை ஒளித்தது நான். கம்பெனியைக் கொன்றது நான். மாத்திரை வேளை என்றது என் காதில் விழுந்தது. விழுந்தும் துணி மடித்தேன். அவனைக் கொன்றதும் நான்தான். சிறைக்குப் போக எனக்குப் பயமில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுது: கடைசியில் நான் அவனை மன்னித்துவிட்டேன்.