காரமடையில் ஒரு குளம்

“ஏனம்மணி, நீ குளம்னு போட்டிருக்கறது எம்பொண்ணு கல்யாணப் பந்தலு!”

காரமடையிலிருந்து கோவை வரும் பேருந்தில், என் முன்சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த இளம்பெண்ணின் மடிக்கணினியைப் பார்த்துச் சொன்னார். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் குளங்களை வரைபடமாக்குவது அந்தப் பெண்ணின் பிஎச்.டி. ஆராய்ச்சி என்று சற்று முன்புதான் காதில் விழுந்திருந்தது.

“பந்தலுங்களா? நீலமா இருக்குதுங்களே?”

“நீலத் தார்ப்பாய்தான கட்டுனோம். போன வைகாசியில. இதா எங்க ஊடு, இதா கெணறு.”

“படமும் வைகாசியில எடுத்ததுதானுங்க! அந்தக் குளத்தைத்தானுங்க காலையில இருந்து வெயில்ல தேடிப்போட்டு வாரேன். நாளைக்கு தீசிஸ் குடுக்கோணும். நல்லவேளை சொன்னீங்க.”

சிரித்துக்கொண்டே அவள் குளத்தை அழிக்கப் போனாள். அம்மாள் சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

“இரு கண்ணு, மொதல்ல அந்தப் படத்தை என்ற போனுக்கு அனுப்பு. அவங்க மூத்த பையன் கல்யாணத்துக்கு ட்ரோன் உட்டோம்னு சம்பந்தியம்மா இன்னும் பீத்திக்கறாங்க. எங்க ஊட்டுக் கல்யாணத்துக்குச் சாட்டிலைட்டே வந்துதுன்னு சொல்லோணும்.”