என் மனைவியை நான் மன்னித்த விதம்

என்னிடம் கார் வாங்கியவர்கள் யாரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை, மேடம். பழைய கார் விற்கிற தொழிலில் இது லேசுப்பட்ட காரியமில்லை. வண்டியைக் காட்டும்போதே அதன் குறையைத்தான் முதலில் காட்டுவேன். இந்தக் கதவு ஒரு தூணில் உரசியது, மழை பெய்தால் பின்சீட்டுப் பக்கம் கொஞ்சம் ஒழுகும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன். தெருவில் எனக்குக் 'கீறல் அண்ணன்' என்றுதான் பெயர். நீங்கள் என்னைப் பொய்யனைப் பார்ப்பதுபோல் பார்ப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மனைவியும் கார் வாங்க வந்தவள்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் வண்டியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. தரையில் மல்லாந்து படுத்து அடிப்பாகம் முழுக்கப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வேற எதாவது மறைச்சிருக்கீங்களா?"

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

கவனியுங்கள். அப்போதும் நான் பொய் சொல்லவில்லை.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது அதற்குச் சில வருஷங்கள் முன்பே தெரியும். விடாத காய்ச்சலுக்கு என் அக்காதான் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா வளவளவென்று பேசாதவர்.

"தினம் மாத்திரை போடுங்க. விடாம போட்டா ரத்தத்துல தேடினாலும் கிருமி கெடைக்காது, உங்ககிட்டேர்ந்து யாருக்கும் போகாது. நிறுத்தினீங்கன்னா மறுபடி தலைதூக்கும். கல்யாணம்னு வந்தா சொல்லிட்டுப் பண்ணிக்குங்க."

நான் தலையாட்டினேன். படித்தவர்களிடம் வாதாடுவது என் பழக்கமில்லை.

கார் வாங்க வந்தவளோடு கல்யாணப் பேச்சு வந்ததும், அவள் என்னை ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போய் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். முதல் கணவர் காய்ச்சலில் போனதையும், என்ன நோய் என்று அந்த வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லாததையும் சொன்னாள். கேட்டுக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. அடுத்து என் முறை. ஆனால் ஒருத்தர் அழுது முடித்த கையோடு இன்னொரு சோகக்கதையை எடுத்துவிடுவது நாகரிகமா? டீ வேறு ஆறிப்போயிருந்தது.

அவளே பிறகு தயங்கித் தயங்கி, "ஒரு தடவ ரெண்டு பேரும் ரத்தம் பாத்துக்கலாமா? எனக்கு ஒரு பயம் இருக்கு" என்றாள்.

"நம்பிக்கை இருக்கிற எடத்துல பரிசோதனை எதுக்கு? நான் உன்னை நம்பறேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் தன்னை இப்படி நம்பியதில்லை என்றாள். அந்த நேரத்தில் வேறெதையாவது பேசி அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம்.

மாத்திரையை நான் உடனே விட்டுவிடவில்லை. சத்து மாத்திரை டப்பாவில் போட்டுவைத்துத் தினமும் காலையில் அவள் எதிரிலேயே விழுங்கினேன். ஒளித்து வைப்பதெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஒருநாள் அவள் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"எனக்கும் ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு உடம்பு அசந்து போகுது. நாளையிலேர்ந்து நானும் ஒண்ணு போட்டுக்கிறேங்க."

நன்றாக இருக்கிற ஒருத்தி, டாக்டரைக் கேட்காமல், யாருக்கோ கொடுத்த மருந்தைச் சாப்பிடலாமா? ஒரு கணவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? மறுநாளே டப்பாவைக் கொண்டுபோய், கார்களை நிறுத்தி விற்கிற என் யார்டில் கழிவு எண்ணெய் ஊற்றுகிற பீப்பாயில் போட்டேன். மருந்து வாங்கப் போவதையும் அத்தோடு விட்டேன். அவள் உடம்பை நினைத்துத்தான் நிறுத்தினேன். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் குழந்தை ஆசை. அவள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

கர்ப்பப் பரிசோதனைக்குப் போன அன்று அவள் சீருடையோடு நேராக யார்டுக்கு வந்தாள். விற்காமல் நின்ற ஒரு காரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

"என்னங்க... எனக்கு எச்.ஐ.வி. இருக்காம். மொத வீட்டுக்காரர்கிட்டேர்ந்துதான் வந்திருக்கணும். உங்களுக்கும் கொடுத்துட்டேனோ என்னவோ. அன்னிக்கே பாத்திருக்கலாம். நீங்கதான் என்னை நம்பி வேண்டாம்னீங்க. என்னை மன்னிப்பீங்களா?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்பீர்கள். திறந்தேன்.

"விடு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்" என்றேன்.

முன்கூட்டி யோசித்த வார்த்தையில்லை. அதுவாக வந்தது. நல்ல குணம் என்பது அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

பிறகு என்னையும் பரிசோதித்தார்கள். முடிவைச் சொல்லும்போது அந்த நர்ஸ் என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். நான் தைரியமாக ஏற்றுக்கொண்டேன். அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காத மைத்துனன் வீடு தேடி வந்து, "மாப்ள, உங்க எடத்துல வேற எவனா இருந்தாலும் அவளை வெளிய தள்ளியிருப்பான்" என்று குரல் உடையச் சொன்னான். மாமியார் என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார். என் மனைவி முதல் கணவரின் படத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டு, "பெத்தவங்க நீங்களே மறைச்சீங்களே" என்று கத்தினாள். மறுமுனையில் அந்த அம்மா, "சத்தியமா அவனுக்கு அப்படி ஒண்ணும் இல்லம்மா, அது மூளைக்காய்ச்சல்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதது எனக்கே கேட்டது. நான்தான் என் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்து, போனை வாங்கி வைத்தேன். இறந்தவர்களைத் திட்டக் கூடாது என்றுகூடச் சொன்னேன்.

மருந்தை நேரத்தோடு ஆரம்பித்ததால் பிறந்த பெண்குழந்தைக்கு ஒன்றுமில்லை. என் மனைவியைத் தவறாமல் மருத்துவமனைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனது யார்? நான். இதை ஒருவரும் பேசுவதில்லை.

குழந்தையைப் பார்க்க வெளியூரிலிருந்து அக்கா வந்தாள். அக்காதான் வினை. என் மனைவி சமையலறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, உங்க தம்பி வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

அக்கா புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கறே? அவனுக்குத்தான் ரொம்ப நாளாவே இருக்கே. டேய், நீ இவகிட்ட சொல்லலியா? சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னியேடா."

என் மனைவி கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் அந்தம்மாவைப் போன்ல திட்டினப்போ நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

பக்கத்தில் இருந்ததைக்கூடக் குற்றமாகச் சொன்னால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என என் வக்கீல் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு அவள் பஸ் டிப்போ முகாமில் ரத்ததானம் செய்ததையும், அந்த ரத்தத்தை அவர்கள் சோதித்ததில் கிருமி எதுவும் இல்லை என்பதையும் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான். ஆகவே இனி மழுப்பப் போவதில்லை.

ஆமாம், எனக்கு நோய் இருப்பது எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தினால் அவளுக்குப் போகும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் நிறுத்தினேன், தெரிந்தேதான் அவளோடு படுத்தேன். பழி அவளுடையதும் இல்லை, செத்துப்போன அந்த மனிதருடையதும் இல்லை என்று தெரிந்தே அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும். ஆனால் அவள் அப்படி என் முகத்தையே பார்த்துப் பார்த்து, பயந்து பயந்து அன்பாக இருந்த அந்த மாதங்கள்தான் எங்கள் இல்லறத்திலேயே நல்ல காலம். அதைக் கலைக்க யாருக்கு மனம் வரும்?

வாக்குமூலத்தில் கையெழுத்தை எங்கே போட வேண்டும், காட்டுங்கள். அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், மேடம். என்மேல் இப்படிப் புகார் கொடுத்ததற்காக அவள் வருத்தப்பட வேண்டாம். ஒருமுறை மன்னித்தவன் நான். இதையும் மன்னித்துவிட்டேன்.